அடக்கம் செய்வதற்கு முன் ஒரு எக்ஸ்ரே

கேட்டவர் ஒரு அண்ணன். தங்கைக்கு 21 வாரம், முதல் குழந்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் கை கால் எலும்புகள் மிகக் குட்டை, மார்புக்கூடு குறுகல் என்று பார்த்து, ‘லீத்தல் ஸ்கெலிட்டல் டிஸ்பிளேசியா, அநேகமாக தனட்டோஃபோரிக்’, அதாவது குழந்தை பிழைக்காத எலும்பு வளர்ச்சி நோய், என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தங்கை கட்டியிருப்பது தாய்மாமன் மகனை. “சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். கால்சியம் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்கிறார் அத்தை. டாக்டர் கலைத்துவிடலாம் என்கிறார். நிஜமாகவே பிழைக்காதா? அடுத்த குழந்தைக்கும் வருமா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் குழந்தை மருத்துவம் படித்துவிட்டு மரபியல் பக்கம் வந்தவன். இந்த மாதிரி ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர்களோடு பேசுவதுதான் என் வேலையில் பாதி. நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையில் அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

சொந்தத்தில் கட்டியதா காரணம்? தனட்டோஃபோரிக் டிஸ்பிளேசியாவாகவே இருந்தால், இல்லை. துளியும் சம்பந்தமில்லை. உங்கள் தங்கை வேறு ஊரில் வேறு சாதியில் யாரைக் கட்டியிருந்தாலும் இதே அளவு வாய்ப்புதான். மாத்திரையும் காரணமில்லை, கிரகணத்தில் வெளியே வந்ததும் இல்லை, மாடிப்படி ஏறி இறங்கியதும் இல்லை. வயிற்றில் குழந்தை உருவான அன்றே எழுதி முடிந்துபோன விஷயம் இது, அவள் கர்ப்பம் என்று அவளுக்கே தெரிவதற்கு முன்னால். இதை அத்தையிடமும் மற்றவர்களிடமும் இன்றைக்கே, நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் ‘தனட்டோஃபோரிக்காக இருந்தால்’ என்று சொன்னேன் இல்லையா, அந்த ‘இருந்தால்’ பெரிய விஷயம்.

ஸ்கேன் தாளில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். எலும்பு குட்டையாக இருப்பதால் யாரும் சாவதில்லை. சாவுக்குக் காரணம் மார்புக்கூடு. விலா எலும்புகள் நீளாததால் நெஞ்சு ஒரு குறுகலான குழாய் போல ஆகிவிடுகிறது. அதற்குள் நுரையீரல் வளர இடமில்லை. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்குத் தேவையான ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே வருகிறது, அதனால் இதயம் நன்றாக அடிக்கும், குழந்தை அசையும், உதைக்கும். ‘இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறதே, அப்புறம் எப்படிப் பிழைக்காது என்கிறீர்கள்’ என்று எல்லோரும் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பிரச்சினை தொடங்குவது கொடியை வெட்டியபின், சொந்தமாக மூச்சு விட வேண்டிய அந்த நிமிடத்தில். தனட்டோஃபோரிக்கில் இன்னொன்றும் சேர்கிறது. மண்டை ஓட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளை சிறியதாக இருந்து, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டையே நெருக்கும்.

இதை ஸ்கேனில் எப்படிச் சொல்கிறார்கள்? அளவுகளை வைத்து. 21 வாரத்தில் தொடை எலும்பு சுமார் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் அது 20-ஐச் சுற்றியே நிற்கும். தொடை எலும்பின் நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்தால் சாதாரணமாக 0.22 அளவில் வரும், 0.16-க்குக் கீழே போனால் பிழைப்பது கடினம் என்று எடுத்துக்கொள்கிறோம். நெஞ்சின் சுற்றளவு வயிற்றின் சுற்றளவில் 0.6-க்கும் குறைவாக இருந்தால் அதுவும் அதே பக்கம்தான் காட்டுகிறது. தொடை எலும்பும் பாதமும் ஏறத்தாழ ஒரே நீளம் இருக்க வேண்டும், பாதம் சரியான அளவில் இருந்து தொடை மட்டும் குட்டை என்றால் எலும்பு நோய்தான். இவை தங்கையின் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘எஃப்.எல். ஐந்தாம் சதமானத்துக்குக் கீழ்’ (தொடை எலும்பின் நீளம், நூறு குழந்தைகளில் மிகக் குட்டையான ஐந்தில் ஒன்று) என்று மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லை என்றால், அப்பா அம்மா குட்டையானவர்களாக இருக்கலாம், குழந்தையின் மொத்த வளர்ச்சியே பின்தங்கியிருக்கலாம், அதற்கு இந்தப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் நெஞ்சுக் குறுகலும் சேர்ந்திருக்கிறது, அதனால் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

‘ஒருவேளை வெறும் குள்ளமாகப் பிறக்குமோ’ என்றும் கேட்பீர்கள். சினிமாவில், கடைத்தெருவில் நாம் பார்க்கும், வேலைக்குப் போய்க் கல்யாணம் கட்டிக் குழந்தை பெற்று வாழ்கிற குள்ளமானவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அகோண்ட்ரோபிளேசியா. அது ஐந்தாம் மாத ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது. ஆறாம் மாதம் தாண்டித்தான் தொடை எலும்பு பின்தங்க ஆரம்பிக்கும். இருபது வாரத்திலேயே இவ்வளவு குட்டை, அதோடு நெஞ்சும் குறுகல் என்றால் அது அந்த வகையாக இருப்பது அரிது.

இருந்தாலும் இரண்டாவது ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஃபீட்டல் மெடிசின், அதாவது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கான மருத்துவம், என்று தனியாகப் படித்தவரிடம், இந்த வாரத்துக்குள். ‘பதினைந்து நாள் கழித்துப் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், காரணம் கீழே வருகிறது. பிழைக்குமா பிழைக்காதா என்பதை ஸ்கேன் நன்றாகவே சொல்லிவிடும். ஆனால் நோயின் பெயர் விஷயத்தில் அது அடிக்கடி தவறும். பெயர் என்னவாக இருந்தால் என்ன, பிழைக்கப் போவதில்லையே என்று தோன்றும். அடுத்த குழந்தையின் கணக்கு முழுக்க அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

தனட்டோஃபோரிக் என்ற சொல் 1967-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வைத்தது. கிரேக்கத்தில் ‘சாவைச் சுமந்து வருவது’ என்று பொருள். இவ்வளவு கொடூரமாகப் பெயர் வைத்திருக்க வேண்டாம். தினமும் இதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் பிறப்புக்கு ஒன்று வரும். அரிதுதான், ஆனாலும் பிழைக்காத எலும்பு நோய்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். இரண்டு வகை உண்டு. ஒன்றில் தொடை எலும்பு பழைய டெலிபோன் ரிசீவர் போல வளைந்திருக்கும். மற்றதில் தொடை நேராக இருக்கும், தலை மூன்று இலை சேர்ந்த மாதிரி புடைத்திருக்கும்.

காரணம் நான்காவது குரோமோசோமில் இருக்கும் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு. 1995-இல் கண்டுபிடித்தார்கள். எலும்பின் முனையில் வளரும் குருத்தெலும்புக்கு இந்த மரபணு ஒரு பிரேக் மாதிரி. வளர்ச்சி அளவு மீறாமல் அவ்வப்போது லேசாக அழுத்தும். அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் பிரேக்கிலிருந்து கால் எடுபடுவதே இல்லை. அகோண்ட்ரோபிளேசியாவுக்கும் இதே மரபணுதான், இடம் வேறு, அழுத்தம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த எழுத்துப் பிழை அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. பெரும்பாலும் ஒரே ஒரு விந்தணுவில் புதிதாக நேர்ந்தது. விந்தணுவை உண்டாக்கும் செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருப்பதால் அப்பாவின் வயது கூடக் கூட இந்தப் பிழைக்கு வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அந்தப் பிழை ஏற்பட்ட செல் பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பெருகவும் செய்கிறது. இதைப் படித்துவிட்டு உடனே மாப்பிள்ளை பக்கம் விரலை நீட்டிவிடாதீர்கள், இருபத்தைந்து வயது அப்பாக்களுக்கும் நடக்கிறது, ஐம்பதிலும் இது மிக அரிதுதான். யாரும் எதையும் செய்து வரவழைப்பது அல்ல.

இன்னொன்றும் கேட்பார்கள். ‘மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, எல்லாம் நார்மல் என்றார்களே?’ அந்தப் பரிசோதனைகள் டவுன் சிண்ட்ரோம் போலக் குரோமோசோம் எண்ணிக்கை மாறும் நோய்களுக்கானவை. ஒரு எழுத்துப் பிழையை அவை தேடுவதே இல்லை. என்.ஐ.பி.டி. என்று விலை கூடிய ரத்தப் பரிசோதனை செய்திருந்தாலும் அப்படித்தான், வழக்கமாகச் செய்யும் வடிவத்தில் அது இதைக் காட்டாது. ஆக ஆய்வகம் கோட்டைவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இப்போது அந்த ‘இருந்தால்’. ஸ்கேனில் இதே மாதிரி தெரியக்கூடிய வேறு நோய்கள் சில உண்டு. மொத்தமாக மரபணு சார்ந்த எலும்பு நோய்கள் 2023 பட்டியலில் 771. அவற்றில் பிறந்தவுடன் உயிரைப் பறிப்பவை ஒரு சிறு பகுதிதான். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா இரண்டாம் வகையில் எலும்பு வயிற்றுக்குள்ளேயே உடைந்து உடைந்து மடங்கியிருக்கும். மண்டை ஓடு மெல்லியது, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினால் தலை அமுங்கும், மூளை வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரியும். அகோண்ட்ரோஜெனிசிஸில் முதுகெலும்பில் சுண்ணாம்பே ஏறியிருக்காது. (அகோண்ட்ரோபிளேசியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, விதி வேறு.) குட்டை விலா நோய் என்று ஒரு கூட்டம், அதில் விலா மிகச் சிறியது, அதோடு ஆறு விரல் இருக்கலாம். அப்புறம் ஹைப்போபாஸ்படேசியா, அதற்குத் தனியாக வருகிறேன்.

இவை மறுபடி வரும் வாய்ப்பு ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தனட்டோஃபோரிக் என்றால் அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு மற்ற எந்தத் தம்பதிக்கும் உள்ளதைவிடச் சொல்லிக்கொள்ளும்படி அதிகமில்லை. பிழை விந்தணுவிலோ முட்டையிலோ ஒரு சிறு கூட்டமாக ஒளிந்திருக்கலாம் என்பதால் பூஜ்யம் என்று மட்டும் சொல்ல மாட்டோம். ஆஸ்டியோஜெனிசிஸ் இரண்டாம் வகையில் அப்படி ஒளிந்திருப்பது கொஞ்சம் கூடுதல், நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு. குட்டை விலா நோய்களில், அகோண்ட்ரோஜெனிசிஸின் முதல் வகையில், ஆஸ்டியோஜெனிசிஸிலேயே சில அரிய ரகங்களில், அப்பா அம்மா இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியை வைத்திருப்பார்கள், இருவரும் நன்றாக இருப்பார்கள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நூற்றுக்கு இருபத்தைந்து. நான்கில் ஒன்று! சொந்தத்தில் கட்டியது கணக்கில் வருவது இந்த ரகங்களில்தான். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே பழுது இரண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம். மாமன் மகன், அத்தை மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது, தாய்மாமனையே கட்டினால் நான்கில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்தில்தான் நடக்கின்றன, அவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைத்தான் பெறுகிறார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக உங்கள் தங்கையின் அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவா, இருபத்தைந்தா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் இப்போது வயிற்றில் இருக்கும் இந்தக் குழந்தைதான். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: குழந்தையை அடக்கம் செய்வதற்கு முன் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். அவளுக்கு மூன்றாவது கர்ப்பம், பத்தாவது வாரம். முதல் இரண்டும் பிறந்து சில மணி நேரத்தில் போய்விட்டன. பையிலிருந்து இரண்டு டிஸ்சார்ஜ் தாள்களை எடுத்துக் கொடுத்தார் அவர். ஒன்றில் ‘எலும்பு வளர்ச்சிக் குறைபாடு’, இன்னொன்றில் ‘பிறவிக் கோளாறு’. எக்ஸ்ரே இல்லை, போட்டோ இல்லை, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைக்கவில்லை. இரண்டு தடவையும் ஒரு பெரியவர் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அன்று மாலையே புதைத்துவிட்டு வந்திருக்கிறார். நல்ல மனதோடுதான் செய்தார், அந்தப் பெண் பார்த்து மனசு உடையக் கூடாது என்று. அவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? அப்பா அம்மா ரத்தத்தை வைத்து இருட்டில் தேட ஆரம்பித்தோம். கிடைத்தது, ஆனால் முடிவு கைக்கு வருவதற்குள் அவளுக்குப் பதினெட்டு வாரம் ஆகிவிட்டது. முதல் குழந்தை பிறந்த அன்று பத்து நிமிடம் யாராவது செலவழித்திருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் வேறு மாதிரி நடந்திருக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பு முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மரபணுச் சோதனை எத்தனை வந்தாலும் எலும்பு நோய்க்கு இதற்கு ஈடு இல்லை. தெரிந்தவர் பார்த்தால் படத்திலேயே பெயர் சொல்லிவிடுவார். போனிலேயே நான்கைந்து போட்டோ: முகம், பக்கவாட்டு, கை விரல்கள், கால், முழு உடம்பு. தொப்புள்கொடி ரத்தம் இரண்டு மூன்று மில்லி, ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில். அதைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. ரத்தம் வரவில்லை என்றால் தொப்புள்கொடியில் ஒரு துண்டு அல்லது தோலில் சிறு துண்டு, சலைனில் போட்டு. ஃபார்மலினில் மட்டும் போட விடாதீர்கள். பிரசவ அறையில் கை பழக்கத்தில் எதை எடுத்தாலும் ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள், அதில் டிஎன்ஏ சிதைந்துவிடும். அப்பா அம்மாவுக்கும் அதே ஊதா மூடிக் குழாயில் ரத்தம். இப்போதைக்குச் சோதனைக்குப் பணம் இல்லை என்றாலும் பரவாயில்லை, டிஎன்ஏவைப் பிரித்துச் சேமித்து வைக்கும் ஆய்வகங்கள் உண்டு, ஆறு மாதம் கழித்துக்கூடச் சோதிக்கலாம். குழந்தையை மறுபடி தோண்டி எடுக்க முடியாது.

இதைப் பிரசவ வலி எடுத்த பின் யாரும் நினைக்கப் போவதில்லை. அதனால் நீங்கள்தான் அண்ணனாக முன்னாடியே டாக்டரிடம் பேசி, கேஸ் ஷீட்டின் மேலேயே எழுத வைத்து, நைட் டியூட்டி சிஸ்டரிடமும் சொல்லி வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பிறந்தாலும் நடக்கும்படி. பனிக்குட நீரை இப்போதே எடுத்துச் சோதிப்பதும் ஒரு வழிதான், பதினாறு வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதனால் கரு கலையும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. எஃப்ஜிஎஃப்ஆர்3-இல் பிழை எந்தெந்த இடங்களில் வரும் என்று தெரியும் என்பதால் அதை மட்டும் பார்ப்பது சீக்கிரம் முடியும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது, மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் மரபியல் துறை எலும்பு நோய்களுக்கென்றே பெயர் பெற்றது, ஐதராபாத்தில் சி.டி.எஃப்.டி. என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. எக்ஸ்ரேவையும் போட்டோவையும் உங்கள் டாக்டர் மூலம் இவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஹைப்போபாஸ்படேசியா என்றேன். அதைத் தனியாக எடுத்ததற்குக் காரணம், இந்தக் கூட்டத்தில் மருந்து இருப்பது அதற்கு மட்டும்தான். எலும்பில் சுண்ணாம்பு ஏற ஒரு என்சைம் வேண்டும், அல்கலைன் பாஸ்படேஸ். அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த என்சைமையே ஊசியாகக் கொடுக்கும் அஸ்ஃபோட்டேஸ் ஆல்ஃபா என்ற மருந்து 2015-இல் அனுமதி பெற்றது. விலை நம் குடும்பங்களுக்கு எட்டவே எட்டாத விலை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த நோயில் ஒரு சாது ரகமும் உண்டு, ஸ்கேனில் எலும்பு வளைந்து பயமுறுத்தும், போகப் போகத் தானாகவே நேராகும். அதனால் ‘எலும்பில் சுண்ணாம்பு குறைவு, வளைவு’ என்று தாளில் இருந்தால் அப்பா அம்மா இருவருக்கும் அல்கலைன் பாஸ்படேஸ் பாருங்கள். மலிவான ரத்தப் பரிசோதனை, ஊரில் எந்த லேப்பிலும் நடக்கும். கூடுதலாக இருந்தால்தான் எல்லோரும் கவனிப்பார்கள், குறைவாக இருப்பதை ‘நார்மல்’ என்று தள்ளிவிடுவார்கள், ஆகவே எண்ணை நீங்களே பாருங்கள். உங்கள் தங்கை விஷயத்தில் இது இருக்க வாய்ப்பு குறைவு என்றே படுகிறது, இருந்தாலும் கேட்டுவிடுவதில் நஷ்டமில்லை.

சரி, கலைப்பதா வேண்டாமா. இதில் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள், அத்தையும் மாமாவும் சொல்ல வேண்டாம். சட்டம் சொல்வதை மட்டும் சொல்கிறேன். 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில், குழந்தைக்கு இப்படிப்பட்ட பெரிய குறைபாடு இருந்தால் 24 வாரம்வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். 24 தாண்டினாலும் வழி அடைபடவில்லை, மாநில மருத்துவக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அலைச்சல் அதிகம். இதனால்தான் மேலே இந்த வாரமே என்று அழுத்தினேன், 21 வாரத்தில் கையில் இருப்பது மூன்று வாரம். பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ சட்டப்படி தேவையில்லை. ஆஸ்பத்திரிகள் கேட்கும், அது வேறு விஷயம். இதைப் படிப்பவர் இலங்கையில் இருந்தால் இந்தக் கதவு அங்கே கிடையாது. 1883-இல் எழுதிய தண்டனைச் சட்டக் கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் அனுமதி. அங்கே பேச வேண்டியது, கர்ப்பத்தைத் தொடர்வது பற்றிக் கீழே எழுதியிருப்பது.

ஐந்து மாதத்தில் கலைப்பது என்றால் சுத்தம் செய்து அனுப்பிவிடும் சின்ன வேலை என்று நினைத்துப் போகாதீர்கள். மாத்திரை வைத்து வலி வரவழைத்து, பிரசவம் போலவே நடக்கும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள், ‘குழந்தைதான் இல்லையே, வலி நிவாரணி கொடுத்தால் என்ன’ என்று நேராகவே கேளுங்கள்.

தொடர்வது என்று அவள் முடிவு செய்தால் அதுவும் பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்களிடம் வருபவர்களில் சிலர் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள், சிலர் மத நம்பிக்கையால், சிலர் வெறுமனே ‘இருக்கிறவரை இருக்கட்டும் டாக்டர்’ என்று. அப்படியானால் திட்டம் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். குழந்தைக்காக சிசேரியன் செய்வதில் அர்த்தமில்லை, அம்மா வயிற்றில் தழும்பு விழும், அடுத்த பிரசவத்துக்கும் அது சிக்கல், குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்குத் தலை பெரியதாக இருக்கும், பனிக்குட நீரும் அதிகமாகச் சேரும், அதனால் பிரசவம் எப்படி, எந்த வாரத்தில் என்பதை எட்டாம் மாதத்துக்குள் பேசிவிட வேண்டும். பிறந்த பின் வென்டிலேட்டரா, மடியா என்பதையும் அப்போதே. திட்டம் இல்லை என்றால் பிறந்த நிமிடம் பழக்கத்தில் குழாய் போட்டு, ஆம்புலன்சில் ஏற்றி, குழந்தை ஒரு ஊரில் போகும், அம்மா வேறு ஊரில் கிடப்பாள். திட்டம் இருந்தால் துணியில் கதகதப்பாகச் சுற்றி, மூச்சுத் திணறலுக்குக் கொஞ்சம் மார்ஃபின் கொடுத்து, அவள் நெஞ்சின் மேலேயே வைத்திருக்கலாம். சில நிமிடமோ சில மணி நேரமோ, சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள். வென்டிலேட்டரோடு வருடக்கணக்கில் இருந்த ஒரு சிலரும், இருபது வயதைத் தாண்டியவரும்கூட மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், எல்லாவற்றுக்கும் பிறரை நம்பி. இணையத்தில் தேடினால் அவர்கள்தான் முதலில் வருவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

எந்த வழியில் போனாலும், குழந்தையைப் பார்க்க வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். ‘பார்க்காதே, கனவில் வரும்’ என்று நம் ஊரில் தடுப்பது வழக்கம். பார்க்க விரும்பாதவளைக் கட்டாயப்படுத்துவதும் தவறு, விரும்புகிறவளைத் தடுப்பதும் தவறு. இன்று வேண்டாம் என்பவள் ஆறு மாதம் கழித்துக் கேட்கலாம், அந்தப் போட்டோவை யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருங்கள்.

பால் சுரக்கும். இதை யாருமே சொல்வதில்லை, எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஐந்தாம் மாதத்தில் போனாலும் இரண்டு மூன்று நாளில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், நனையும், குழந்தை இல்லாத வீட்டில் அதைவிடக் கொடுமை வேறில்லை. காபர்கோலின் என்ற மாத்திரையை முதல் நாளே கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், ரத்தக்கொதிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு. பாட்டிமார் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொல்வார்கள், சிரிக்காதீர்கள், வேலூர் மருத்துவர்கள் அதை அந்தக் காலத்தில் பால் நிறுத்தக் கொடுத்த மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள், பூவும் வேலை செய்தது.

காகித வேலை கொஞ்சம் உண்டு. உயிரோடு பிறந்து ஒரு மணி நேரம் இருந்தாலும் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் தனித்தனியே வாங்க வேண்டும், 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். அவள் வேலைக்குப் போகிறவள் என்றால், சட்டப்படி நடந்த கருக்கலைப்புக்கும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, கம்பெனியில் தெரியாது என்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

அடுத்த கர்ப்பம். முடிவு கைக்கு வந்து, மரபியல் பார்ப்பவரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிய பிறகு போதும், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. தனட்டோஃபோரிக் என்று உறுதியானால் 12 வாரத்தில் ஒரு ஸ்கேன், 16-இல் இன்னொன்று. பயத்தைப் போக்கத்தான் அதிகமும், இவ்வளவு கடுமையான குட்டைத்தன்மை அந்த நேரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். நான்கில் ஒன்று ரகம் என்றால் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுத்து, ஏற்கெனவே தெரிந்த அந்த ஒரு பிழையை மட்டும் பார்க்கலாம். ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அதுவும்.

ஸ்கேன் படங்களின் சி.டி., அந்தத் தாள், மாப்பிள்ளை தங்கை இருவர் பக்கமும் இப்படிக் குழந்தை தவறியிருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஒரு சின்ன வம்சப் பட்டியல், இவற்றை எடுத்துக்கொண்டு நாளை மறுநாளுக்குள் ஃபீட்டல் மெடிசின் டாக்டரைப் பாருங்கள். தங்கையையும் மாப்பிள்ளையையும் முன்னால் உட்கார வையுங்கள், நீங்கள் பின்னால் உட்காருங்கள். வெளியே வரும்போது, ‘எக்ஸ்ரே, ரத்தம் எடுத்து வைப்பதை எழுதிவிட்டீர்களா டாக்டர்’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்.